கமரா திகதி கேட்டது

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன மாதம் எங்கள் படப்பிடிப்பாளர் குழுவில் ஒருவர் பழைய மிரர்லெஸ் கமரா ஒன்றின் படத்தைப் போட்டு, "அண்ணை, இதை இப்ப வாங்கலாமோ? இண்டைக்கு ஈடு குடுக்குமோ?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு பெரிய சண்டையே நடந்திருந்தது. ஒருவர் "குப்பை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இன்னொருவர், உதிலை வாற நிறம் இப்பத்தைய கமரா ஒண்டிலையும் வராது என்று சத்தியம் பண்ணினார். இரண்டு பேருமே அந்தக் கமராவைக் கையால் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். வேலையை விட்டு வீட்டில் இருக்கிறவனுக்கு வேறு என்ன அலுவல்? விற்கிறவரிடம் கேட்டு வாங்கி, நாலு நாள் என் மேசையில் வைத்துப் பார்த்தேன்.

அது எனக்குப் புதிய முகமல்ல. நெல்லியடியில் இருந்த என் ஸ்ரூடியோவைப் பூட்டுவதற்கு முந்திய கடைசி வருடங்களில் நான் பாவித்ததும் இதே வகைக் கமராதான். லண்டனிலிருந்து வந்த மருமகன் திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. என் கைக்கு வரும்போதே அது பழசு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் இருக்கிற இடத்தில் இதன் படம் இன்றைக்கும் திறம். அல்பத்தில் இரண்டு பக்கம் முழுக்க விரித்துப் போட்டாலும் உடையாது. தோல் நிறத்தை வெளிறச் செய்யாமல் உள்ளபடி எடுக்கும், அது எங்கள் ஆட்களுக்கு முக்கியம். கழுத்தில் கொழுவிக்கொண்டு காலையிலிருந்து பின்னேரம் வரை நிற்கலாம், இடுப்பு நாரி நோகாது.

இனிக் கெட்டது. மங்கலான மண்டபத்தில் குவியம் பிடிக்க அது தடவும் தடவலைப் பார்த்தால் உங்களுக்கு விசர் வரும். முகத்தைக் கண்டுபிடிக்கும், ஆனால் குறுக்கே ஒரு மாலை போனால் முகத்தை விட்டுவிட்டு மாலையைப் பிடிக்கும். மெமரி காட் ஒன்றுதான் போடலாம். வீடியோ எடுத்தால் சூடேறும். பற்றறி குடிக்கிற வேகம் சொல்லி வேலையில்லை. இன்றைய கமரா ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது எல்லாப் பாடத்திலும் மட்டுமட்டாகப் பாஸ்.

இவ்வளவையும் நீங்கள் எந்த விமர்சன வீடியோவிலும் பார்க்கலாம். நான் பார்த்த ஒன்றை அவர்கள் ஒருவரும் பார்ப்பதில்லை. பழைய கமராவின் பற்றறியைக் கழற்றி வெளியே வையுங்கள். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து திரும்பப் போடுங்கள். திரையில் முதலாவதாக என்ன வருகிறது என்று பாருங்கள். திகதியும் நேரமும் கேட்டால், உள்ளே மணிக்கூட்டை ஓட வைக்கிற சின்னப் பற்றறி செத்துவிட்டது. இந்தக் கமரா கேட்டது. என்னுடையதும் அப்படித்தான் கேட்டது. அப்போது நான் செய்த வேலையைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், நல்லூரில் ஒரு வீட்டில் எழுத்து. பதிவாளர் வீட்டுக்கே வந்து கலியாணத்தைப் பதிகிற வழக்கமான எழுத்துத்தான். பெண் தர்சிகா, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள், இருபத்துநாலு வயது. தகப்பன் தென்மராட்சியில் தோட்டம் செய்கிற கமக்காரர். இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு நல்லூருக்கு வந்திருந்தவர். மாப்பிள்ளை ரமணன், சின்ன வயதில் கனடா போனவர். போன பிறகு முதல் தடவையாக மூன்று கிழமை லீவில் வந்திருந்தார்.

பதிவாளருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு எழுத்து இருந்தது. வந்ததிலிருந்து மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். புத்தகத்தை விரித்து, எழுத வேண்டியதை எழுதி, மாப்பிள்ளையின் கையில் பேனையைக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து என் கமரா செத்தது. பற்றறி முடிந்துவிட்டது. சட்டைப் பையில் மற்றப் பற்றறி இருந்தது. கழற்றி, போட்டு, திறந்தேன். திரை முழுக்கத் திகதி, நேரம் என்று ஒரு பெட்டி. மாப்பிள்ளை குனிகிறார். நான் ஓகே பொத்தானை அமத்தினேன். திரும்பவும் கேட்டது. திரும்பவும் அமத்தினேன். பெட்டி போனது. படம் விழுந்தது.

அன்றைக்கு எடுத்ததில் மிகத் திறமான படம் அதுதான். மாப்பிள்ளை கையெழுத்து வைக்கிறார், தர்சிகா அவருடைய கையைப் பார்க்கிறாள், யன்னலால் விழுந்த வெயில் இரண்டு பேரின் முகத்திலும் இருக்கிறது. எனக்கு அந்தப் படத்தில் சரியான பெருமை.

திகதியைத் தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்க வேண்டாம். அதற்கு முன்னும் இரண்டு மூன்று இடங்களில் கேட்டது, அமத்திவிட்டுப் போயிருக்கிறேன். வீட்டுக்கு வந்து கமராவில் திகதியைச் சரியாக்குவேன். கலியாண அல்பத்தில் கோப்புத் திகதியை ஆர் பார்க்கப் போகிறார்கள்? பிள்ளைகளின் தலைமயிர் பறக்கிறதா, சீலை மடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் வண்டி ஓடியது.

அடுத்த நாளே மாப்பிள்ளை, ஸ்பொன்சர் அலுவலுக்கு வேண்டும் என்று படங்களை அப்படியே கேட்டார். கோப்புகளை அப்படியே அனுப்பினேன். அவர் கனடா போய், மனைவியைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தோடு அவற்றை ஏற்றினார். நான் அதை மறந்துபோனேன்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலையில் தகப்பன் ஸ்ரூடியோவுக்கு வந்தார். கடையில் பாஸ்போட் படம் எடுக்க வந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர் அவர்களைப் பார்க்கவேயில்லை, கையில் இருந்த கடதாசியை என் மேசையில் போட்டார்.

"உதென்ன, உம்மடை படம் எட்டு வரியத்துக்கு முந்தி எடுத்ததாமே?"

விசாப் பகுதியிலிருந்து வந்த கடிதம். எழுத்துப் படங்களின் கோப்பில் பதிந்திருக்கும் திகதி, கலியாணம் நடந்ததாகச் சொல்லும் திகதிக்கு எட்டு வருடம் முந்தியது. மாப்பிள்ளை இந்தக் கலியாணத்துக்கு முன் இலங்கைக்கு வரவில்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார். இதற்கு முப்பது நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். பொய்த் தகவல் என்று முடிவானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், பிறகு வருடக்கணக்கில் திரும்பவும் விண்ணப்பிக்க முடியாது. சாரம் அவ்வளவுதான்.

"எட்டு வரியத்துக்கு முந்தி என்ரை பிள்ளைக்குப் பதினாறு வயது," என்றார். "ஓ.எல். சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தவள். அந்த வயதிலை அவர் களவாய் வந்து கட்டினவர் எண்டெல்லோ அவை நினைக்கப் போகினம்! உம்மடை கமராவிலை என்ன பிழை?"

கடிதத்தைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. ஜனவரி மாதம் முதலாம் திகதி என்று போட்டிருந்தது. மணிக்கூடு செத்த கமரா தான் பிறந்த வருடத்தின் முதலாம் திகதிக்குத்தான் திரும்பிப் போகும். நான் ஓகே அமத்தியது கண்ணுக்கு முன் வந்தது. ஆனால் பாஸ்போட் படத்துக்கு வந்த குடும்பம் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. என் பெயர் போட்ட பலகை வாசலில் தொங்கியது.

"என்ரை கமராவிலை ஒரு பிழையும் இல்லை, அண்ணை," என்றேன். "மாப்பிள்ளை கொம்பியூட்டரிலை ஏத்தேக்கை ஏதும் மாறியிருக்கும். அவரைக் கேட்டுப் பாருங்கோ."

தம்பிமார், தங்கச்சிமார், ஓகே அமத்தியதை நான் பெரிய பிழையாக இன்றைக்கும் நினைப்பதில்லை. அந்த நேரத்தில் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். கையெழுத்து ஒருதரம்தான் விழும். ஆனால் இந்த இரண்டாவது வேலை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்பவும் முகம் சுடுகிறது. கிட்டத்தட்ட அரைநிமிடம் யோசித்துச் சொன்ன பொய் அது.

தகப்பன் மருமகனைக் கேட்டார். கேட்கிற விதமாகக் கேட்டிருக்க மாட்டார், அவருடைய வாய் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை, தான் ஒன்றும் மாற்றவில்லை என்று சொல்ல, "அப்ப படம் எடுத்தவன் பொய்யனோ?" என்று இவர் பாய, அங்கே மாப்பிள்ளையின் தாய் போனை வாங்கி, "எங்கடை பிள்ளையைக் கள்ளன் எண்டு சொல்லுறியளோ?" என்று தொடங்க, இரண்டு குடும்பமும் முகம் முறித்துக்கொண்டது. கடைசியில் தர்சிகாவும் ரமணனும் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். முப்பது நாளில் பத்து நாள் இப்படியே போனது. எனக்கு அப்போது இது ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

பதினோராம் நாள் தர்சிகா தனியாக வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு, சீலையோடு, நல்லூரிலிருந்து பஸ் பிடித்து நெல்லியடிக்கு வந்திருந்தாள். தகப்பனைப் போலச் சத்தம் போடவில்லை.

"அங்கிள், எழுத்தண்டு எடுத்த படம் எல்லாத்தையும் ஒருக்காக் காட்டுவீங்களோ? எங்களுக்குத் தந்ததை மட்டுமில்லை. கழிச்சு விட்டதையும் பாக்கோணும்."

கணினியைத் திறந்து கொடுத்தேன். அவள் படங்களைப் பார்க்கவில்லை, படங்களுக்குக் கீழே இருந்த இலக்கங்களைப் பார்த்தாள். கணிதம் படிப்பிக்கிறவள் அல்லவா. ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

"இலக்கம் ஒண்டும் விடுபடாமல் வருது அங்கிள். மாப்பிள்ளை படலைக்குள்ளை வாற படத்திலை திகதி சரி. பதிவாளர் புத்தகம் விரிக்கிற படத்திலையும் சரி. அடுத்த இலக்கம் கையெழுத்து. அதிலை எட்டு வரியம் பின்னாலை போட்டுது. நேரத்தைப் பாருங்கோ. சாமம் பன்னிரண்டு மணி. யன்னலாலை வெயில் அடிக்குது." திரும்பி என்னைப் பார்த்தாள். "இந்த ரெண்டு படத்துக்கும் இடையிலை என்ன நடந்தது?"

"பற்றறி மாத்தினனான்," என்றேன்.

"மாத்தினால்?"

"கமரா திகதி கேட்டது. நான் ஓகே அமத்திப்போட்டன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

"அப்ப அவர் ஒரு பிழையும் விடேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

அவள் எழுந்து, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கனடாவில் அப்போது விடிந்தும் விடியாத நேரமாக இருந்திருக்கும். அவள் கதைத்தது எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவால் முதுகு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தால் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஒரு வார்த்தையால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் செய்து வைத்திருந்த வேலை என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அன்று பின்னேரமே, அவள் போனில் கூப்பிட, தகப்பனும் கடைக்கு வந்து இறங்கினார். நடந்ததைச் சொன்னேன். மேசையில் ஓங்கி அடித்தார், பத்து நாளை வீணாக்கிப் போட்டீரே என்று கத்தினார். அதெல்லாம் எனக்கு வேண்டியதுதான். பிறகு குரலைத் தாழ்த்தி, கிட்ட வந்து சொன்னார்:

"சரி, நடந்தது நடந்துபோச்சு. உதை இப்ப மாத்தி விடலாமாமே. திகதியைச் சரியாப் போட்டு, படத்தைத் திரும்ப அனுப்பிவிடுவம். பிழையான திகதியைச் சரியாக்கிறது பொய்யோ?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. செய்ய ஐந்து நிமிடம் போதும். என் பெயரும் வெளியே வராது. எனக்குக் கை துறுதுறுத்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் முன்னுக்கு ஓட்டிப் பார்த்தேன்.

"அண்ணை, முதல் அனுப்பின படம் அவையிட்டைக் கிடக்கு," என்றேன். "அதே படம் ரெண்டாம் தரம் வேறை திகதியோடை போனால், நாங்கள் கை வைச்சது தெரிஞ்சுபோம். இப்ப இருக்கிறது சந்தேகம் மட்டும்தான். பிறகு சாட்சியே ஆகிப்போம்."

"உமக்கென்ன! கதைப்பீர். உம்மடை பிள்ளையோ?"

"அப்பா, அங்கிள் சொல்லுறது சரி," என்றாள் தர்சிகா. "படம் எல்லாத்தையும் இலக்கத்தோடை அப்பிடியே அனுப்புவம். அங்கிள் சத்தியக்கடதாசி ஒண்டு தரட்டும்."

சத்தியக்கடதாசியை நானே எழுதினேன். மூன்று தரம் எழுதிக் கிழித்து, நாலாவதைச் சுத்தமாக எழுதி, கையெழுத்து வாங்குவதற்குச் சமாதான நீதவான் ஒருவரிடம் போனோம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், பழைய மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே படிப்பித்தவர். எங்கள் பக்கத்தில் எல்லாரும் பிறின்சிப்பல் அம்மா என்பார்கள். தர்சிகாவை விறாந்தையில் இருக்கச் சொல்லிவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"இதிலை ஒரு சொல்லுப் பிழை, தம்பி."

"எந்தச் சொல்லு, அம்மா?"

"'கமராவின் கோளாறு காரணமாக' எண்டு எழுதியிருக்கிறியள். கோளாறு எண்ட சொல்லு."

"உள்ளுக்கை இருந்த பற்றறி செத்துப்போச்சு. அது கோளாறுதானே?"

"செத்தது சரி. செத்த பிறகு கமரா என்ன செய்தது?"

"திகதி கேட்டது."

"ஆரைக் கேட்டது?"

"என்னை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

மறுமொழிக்குக் காத்திராமலே அவர் சிவப்புப் பேனையை எடுத்து அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடு போட்டார். எத்தனை வருடம் பிள்ளைகளின் கொப்பியில் போட்ட கோடோ, வளையாமல் விழுந்தது.

"இது சத்தியக்கடதாசி. கோளாறு எண்டு நீங்கள் சத்தியம் பண்ண, நான் கையெழுத்து வைக்கேலாது. அதை விடுங்கோ, இன்னொண்டு சொல்லுறன். கமராவிலை கோளாறு எண்டு எழுதினால், அங்கை இருக்கிறவை என்ன நினைப்பினம்? கோளாறு பிடிச்ச கமரா எடுத்த படம் எல்லாத்தையும் தூக்கி ஒரு பக்கத்திலை வைப்பினம். கமரா சரியாத்தான் கேட்டது, ஆள்தான் பிழை விட்டது எண்டு எழுதுங்கோ. படம் தப்பும்."

"நான் தப்ப மாட்டன், அம்மா."

"ஓம்," என்றார். "நீங்கள் தப்ப மாட்டியள்."

கடதாசியைப் பறித்த மாதிரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். விறாந்தையில் இருந்த தர்சிகா எழும்பினாள். "கொஞ்சம் இரு பிள்ளை, வாறன்," என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்து றோட்டுக்கு வந்து, மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தேன். வீட்டுக்குப் போகிற எண்ணத்தோடுதான் ஏறினேன்.

எனக்கு வந்த கோபம் சின்னக் கோபம் இல்லை. இவ ஆர் என்னைக் கேட்க? இவவுக்குக் கமராவைப் பற்றி என்ன தெரியும்? முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் ஒரு சொல் கேளாமல் இருந்தவன் நான். என் கையெழுத்தோடு, என் கடை முத்திரையோடு, நான் கவனமில்லாதவன் என்று சத்தியம் பண்ணி ஒரு கடதாசி கனடாவுக்குப் போனால், அது யாழ்ப்பாணம் முழுக்கச் சுற்றி வர ஒரு கிழமை போதும். வெளிநாட்டு மாப்பிள்ளை எழுத்து எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். இப்படியே பத்து நிமிடம் இருந்தேன்.

பிறகு ஒன்று யோசித்தேன். கமராவில் பிழை இல்லை என்று தகப்பனுக்குச் சொன்னபோதும் என்னைத்தான் காப்பாற்றினேன். கமராவில்தான் பிழை என்று இப்போது எழுதும்போதும் என்னைத்தான் காப்பாற்றுகிறேன். இரண்டு தரமும் அகப்பட்டது அந்தப் பிள்ளைதான். கடதாசியில் ஒரு சொல்லை மாற்றினால் அவளுடைய படம் தப்பும் என்றால், நான் றோட்டில் நின்று யாருக்குக் கோபம் காட்டுகிறேன்? இறங்கி உள்ளே போனேன். பிறின்சிப்பல் அம்மா அதே கதிரையில், பேனை மூடியைக்கூடப் போடாமல் இருந்தார்.

அவருடைய மேசையில் வைத்தே ஐந்தாவது தரம் எழுதினேன். 'பற்றறி மாற்றியபோது கமரா திகதியைக் கேட்டது. அவசரத்தில் நான் திகதியைப் பதியாமல் பொத்தானை அழுத்தினேன். பிழையான திகதி எனது கவனயீனத்தால் ஏற்பட்டது. இது பற்றிக் கேட்கப்பட்டபோது முதலில் நான் உண்மையைச் சொல்லவில்லை.' கடைசி வரியை அவர் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். அவர் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன், பாராட்டவில்லை.

கடதாசியும், கழித்துவிட்ட படங்கள் உட்பட எல்லாப் படங்களும், தர்சிகா கைப்பட எழுதிய இலக்க அட்டவணையும் இருபதாம் நாள் போனது. பிறகு காத்திருப்பு.

நான் பயந்தது நடந்தது. தகப்பன் தன் சகோதரிக்குச் சொல்லியிருக்கிறார், சகோதரி ஊருக்குச் சொல்லியிருக்கிறா. "அந்தாளைக் கூப்பிடாதையுங்கோ, அந்தாளாலை ஒரு பிள்ளைக்கு விசா நிக்குது," என்று என் காதுபடவே சொன்னார்கள். பேசி வைத்திருந்த இரண்டு எழுத்துக்காரர் சாட்டுச் சொல்லி விலகினார்கள். கடையில் பாஸ்போட் படம் எடுப்பதும், பழைய படங்களைத் துப்புரவாக்குவதுமாக நாள் போனது. பிறின்சிப்பல் அம்மாவை மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. நேர்மையாக நடந்தால் உடனே மனம் லேசாகிவிடும் என்று உங்களுக்கு யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு ஆகவில்லை.

நாலு மாதம் போன பிறகு, ஒரு காலை, தகப்பனின் மோட்டார் சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றது. நெல்லியடிச் சந்தைக்கு வெங்காயத்தோடு வந்தவர் போல. மறுமொழி வந்துவிட்டது, மறுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எழும்பி நின்றேன்.

"என்னண்ணை, விசா?"

"அது இன்னும் ஒண்டும் தெரியேல்லை. அடுத்த மாதம் கொழும்பிலை நேர்முகமாம், பிள்ளையை வரச் சொல்லியிருக்கினம்." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "நான் வந்தது வேறை அலுவல். சின்னவளுக்குச் சரிவந்திட்டுது. மாப்பிள்ளை லண்டன். வாற புதன்கிழமை எழுத்து. நீர் வரோணும்."

எனக்குக் காது பிழையாகக் கேட்டதோ என்று இருந்தது.

"என்னையோ? மூத்தவளின்ரை அலுவலே என்னாலை தொங்கிக்கொண்டு நிக்குது. ஊர் எல்லாம் என்ன கதைக்குது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாமலோ? கதை தொடங்கினதே என்ரை தங்கச்சியெல்லோ," என்றார். தலையைச் சொறிந்தார். "பாரும், படம் எடுக்கிறவன் எல்லாரும் பிழை விடுவான். பிழை விட்டால் எழுதித் தருவானோ? நீர் தந்தனீர். பொய் சொன்னதையும் சேர்த்தெல்லோ எழுதித் தந்தனீர். எனக்கு வேறை ஆரையும் நம்பேலாமல் கிடக்கு."

புதன்கிழமை போனேன். வேறு கமராவோடுதான் போனேன், பழையதை அதற்குள் அலுமாரியில் வைத்துவிட்டேன். பதிவாளர் வருவதற்கு முன்பே இரண்டு பற்றறியையும் மாற்றி மாற்றிப் போட்டுத் திகதியைப் பார்த்தேன். தகப்பன் பக்கத்தில் வந்து நின்று, தன் கைமணிக்கூட்டை என் மூக்குக்குக் கிட்டே பிடித்தார். நிமிடம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அடுத்த மாதம் தர்சிகா கொழும்புக்குப் போனாள். நேர்முகம் முடிந்து பாஸ்போட்டைக் கையில் திருப்பித் தந்தால் காரியம் கெட்டது, அங்கேயே வாங்கி வைத்தால் விசா விழுந்தது என்று எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. சரியோ பிழையோ, அன்று காலையிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. கடைக்கு வந்த ஒருவருக்குப் படத்தைத் தலை வெட்டி எடுத்துவிட்டேன். மத்தியானம் போன் அடித்தது.

"அங்கிள், முடிஞ்சுது."

"என்ன கேட்டவை? படத்தைப் பற்றி?"

"படத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. நேர்முகம் எடுத்த அம்மா உங்கடை கடதாசியை வைச்சு வாசிச்சா. வாசிச்சுப்போட்டு, 'இந்த ஆள் இப்பவும் படம் எடுக்கிறாரோ?' எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்னனி?"

"'ஓம், போன மாதம் என்ரை தங்கச்சியின்ரை எழுத்துக்கும் அவர்தான் எடுத்தவர்' எண்டன். அவ நிமிந்து பாத்தா. 'இவ்வளவு நடந்த பிறகும் அவரையோ கூப்பிட்டனீங்கள்?' எண்டு கேட்டா."

"பிறகு?"

"'அப்பா வேறை ஆரையும் கூப்பிட விடேல்லை' எண்டு சொன்னன்." போனில் அவளுடைய மூச்சு கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. "பாஸ்போட்டை வாங்கி வைச்சிட்டினம், அங்கிள்."

நல்லது பிள்ளை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடைக்குள் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், மேசையைப் பிடித்துக்கொண்டு, விம்மி அழுதேன்.